குறியில்லாத எலி

நாகமலையின் நிழல் விலங்குக்கூடச் சன்னலைத் தொடுமுன்
அளந்து முடித்துவிட வேண்டும்.
கண்ணாடித்தாளைப் புண்ணின்மேல் வைத்து
ஓரத்தைப் பேனாவால் சுற்றி வரைந்து
கட்டங்களை எண்ணுகிறேன்.
முதல் நாள் ஐந்நூறு சதுர மில்லிமீட்டர்,
இருபத்துநான்கு முதுகிலும் ஒரே அளவு.
பிசகாமல் காயப்படுத்த
நெறிமுறைக் குழு அனுமதி தந்திருக்கிறது
முத்திரை குத்தி, இரண்டு பிரதிகளில்.

இலை, சமயநல்லூர்த் தண்டவாளத்தோரம் பறித்தது.
வெட்டுக்காயப் பூண்டு.
பிள்ளைகள் கட்டைவிரலால் சுண்டித்
தலையைப் பறக்கவிட்டு விளையாடும் பூ.
தன் தலையைக் காத்துக்கொள்ளத் தெரியாத செடி
ஊரார் காயத்துக்கெல்லாம் உத்தரவாதம்.
அரிவாள் பட்டவன் எவனும் ஆதாரம் கேட்டதில்லை.
டாக்டர் ஜெபசெல்வி கேட்கிறார்.

ஆறு ஆறாய் நான்கு குழு.
முதல் குழுவுக்கு வெறும் களிம்பு,
அடுத்ததற்குக் கடைமருந்து,
மற்ற இரண்டுக்கும் இலைச்சத்து,
நூற்றுக்கு ஐந்தும் நூற்றுக்குப் பத்தும்.
அடையாளத்துக்குப் பிக்ரிக் அமிலத்தின் மஞ்சள்:
தலை. முதுகு. வால்.
தலையும் முதுகும். தலையும் வாலும்.
ஆறாவதற்கு ஒன்றும் கிடையாது.
குறியில்லாததே அதன் குறி.

செக்கானூரணி பஸ்ஸில் ஏழரைக்கு வருவாள் ஒச்சம்மா,
உமி மாற்ற, தண்ணீர்ப் புட்டி நிரப்ப.
நான்காம் நாள் கேட்டாள்:
"இந்த ஆறுக்கும் என்ன மருந்து?"
"மருந்தில்ல. வெறும் களிம்பு.
இதுகளோட ஒப்பிட்டுத்தான் மத்ததப் பாக்கணும்."
"இதுக ஒரு தப்பும் பண்ணலயே" என்றவள்
வாடிப்பட்டி மில் மூட்டையைப் பிரித்தாள்.
உமித்தூசியில் இருவரும் தும்மினோம்.

எட்டாம் நாள், முதல் குழு:
முந்நூற்றுப் பத்து, இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு,
முந்நூற்று இருபத்திரண்டு,
முந்நூற்று ஐந்து, முந்நூற்று ஒன்று,
நூற்று நாற்பது.

பேனா முனை தடித்ததோ என்று
மறுபடி வரைந்தேன்.
கட்டங்களை மறுபடி எண்ணினேன்,
இம்முறை கீழிருந்து மேலாக.
நூற்று நாற்பதேதான்.
பன்னிரண்டாம் நாள் அதன் முதுகில்
பூனைமயிர்போல வெள்ளை அரும்பிவிட்டது.

அதன் கூண்டு மூலையில், உமியில் ஒரு பச்சைத் திட்டு.
கிள்ளி முகர்ந்தேன்.
வெளியே, வடிகாலோரப் பூண்டுக்கு நுனி இல்லை.
ஆடு மேய்ந்திருக்கலாம்.
கம்பிவேலிக்குள் ஆடு வராது.
ஒச்சம்மாவின் நகக்கண்ணில் பச்சை.
வீட்டில் கீரை ஆய்ந்திருக்கலாம்.

நான் கேட்கவில்லை.
ஆறில் ஏன் அதை மட்டும் என்றும் கேட்கவில்லை.
குறியில்லாததால் தெரியாது என்று நினைத்தாளோ,
ஒரு பொட்டுகூட வைக்காமல் விட்டிருக்கிறார்களே
என்று நினைத்தாளோ.

கணினி சொன்னது:
வித்தியாசம் உண்டு,
பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை.
இலை வேலை செய்துவிட்டதால்
இலை வேலை செய்யவில்லை.
சிரிப்பு வந்தது. அப்புறம்
மார்ச்சோடு முடியும் உதவித்தொகை ஞாபகம் வந்தது.
நெறியாளர் போனில், மெதுவாக:
"அந்த ஒண்ண எடுத்துடேன்.
காரணம் மட்டும் ஒரு வரி எழுதிடு."

இருபத்தோராம் நாள்
ஆறியதா என்று பார்க்க
ஆறிய இடத்தையே வெட்டினேன்.
இருபத்துநான்கு சீசாக்களில் ஃபார்மலின்.
ஒச்சம்மா அன்று வரவில்லை, சொல்லவும் இல்லை.
நுண்ணோக்கியில் குறியில்லாததன் தோல்
பாய் முடைந்ததுபோல் நெருக்கமாய், இளஞ்சிவப்பாய்,
அந்தக் குழுவிலேயே அழகு.
கண்ணை எடுக்க நேரமானது.

அட்டவணை மூன்று, அடிக்குறிப்பு:
முதல் குழுவில் ஓர் எலி கணக்கில் சேர்க்கப்படவில்லை.
காரணம்:
அதற்கப்பால் ஒரு கோடு
இரண்டு வாரமாக மினுங்குகிறது.

இன்று கூண்டுகளைக் கழுவி
வெயிலில் கவிழ்த்தாள் ஒச்சம்மா.
"அடுத்தது எப்ப வருது?"
"வியாழக்கிழமை. முப்பது."
"அதுலயும் சும்மா விடுறது இருக்கா?"
"ஆறு" என்றேன்,
வடிகாலோரம் பார்த்துக்கொண்டே.